பம்பரத்தின் குட்டைக் குழல்

துப்பாக்கிச் சுடுதளத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். யாராவது முக்கியமாக எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவாள். சொன்னவர் கோபித்துக்கொண்டால், "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க" என்பாள். உண்மையாகவே கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

அப்படிப்பட்டவள் ரைஃபிளோடு பாயில் குப்புறப் படுத்துவிட்டால் கல்லாகிவிடுவாள். மூச்சு இருக்கிறதா என்று பக்கத்தில் போய்ப் பார்க்கத் தோன்றும். கடைசிக் குண்டு போனதும் எழுந்து பாயைச் சுருட்டாமலே நடக்க ஆரம்பிப்பாள். பின்னால் பாயைச் சுருட்டுவது பெரும்பாலும் அவளுடைய தம்பியின் வேலை.

தம்பிக்குச் சுடுதளத்துக்குப் பின்னால் ஒரு பட்டறை இருந்தது. துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் வாங்கி நடத்தும் பட்டறை. ஒரு லேத், இரண்டு பட்டறைக் கவ்விகள், எண்ணெய் வாசம், சுவர் முழுக்க அரங்கள். அக்கா எவ்வளவு அவசரமோ அவன் அவ்வளவு நிதானம். ஒரு திருகாணியைக் கழற்றுவதற்கு முன்னால் அதை ஒரு தடவை துடைத்துப் பார்ப்பான்.

பம்பரத்தின் பிழைப்பு பள்ளி வேன் ஓட்டுவது. கணவர் வீட்டு முன்னறையில் பல் செட் செய்பவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனைக் கழுவிவிட்டு, மதியத்துக்கு மேல் சுடுதளத்துக்கு வருவாள். அவளிடம் இருந்தது இருபத்தாறு அங்குலக் குழல் உள்ள ரைஃபிள். வேட்டைக்கு அதைக் கொண்டுபோனதே இல்லை. தூரத்து அட்டையில் ஓட்டை போடுவதற்கு மட்டும்தான். மாவட்டப் போட்டியில் அதை வைத்து இரண்டாவது வந்திருக்கிறாள்.

ஒரு நாள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனில் திரும்பும்போது, நாற்சந்தியில் செங்கல் லாரி ஒன்று நிற்காமல் வந்து பக்கவாட்டில் மோதியது. வேனில் அவள் மட்டும்தான். இடது பக்கக் காறை எலும்பு இரண்டு துண்டு, தோள்பட்டையில் கீறல். ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "வண்டியில பிள்ளைங்க இல்லைதானே?" என்பது. இல்லை என்று தெரிந்தும் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த காலம்தான் வீட்டில் இருந்தவர்களுக்குக் கஷ்டம். ஒரு கை கட்டுப் போட்டிருந்தது, இன்னொரு கை சும்மா இருக்கவில்லை. அலமாரியைக் கலைத்தாள், அடுக்கினாள், மறுபடியும் கலைத்தாள். முன்னறையில் கணவர் செய்து வைத்திருந்த பல் அச்சுகளைப் பெரியது சிறியது என்று வரிசைப்படுத்திவிட்டாள். யாருடைய வாய் எது என்று தெரியாமல் அவர் அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வாயே இல்லாத பல்லு. அதுக்குக்கூட நிம்மதி இல்லாம பண்ணிட்டே" என்றார்.

"வேற என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு. முயற்சி பண்ணிப் பாரேன்."

கட்டைப் பிரித்ததும் நேராகச் சுடுதளத்துக்குத்தான் போனாள். அங்கே எல்லாரும் வந்து விசாரித்தார்கள். சுடுதளத்துக்குப் பொறுப்பாக இருந்த மாஸ்டர் தானே பாயை விரித்துக் கொடுத்தார். படுத்தாள். அவள் கலந்துகொள்ளும் போட்டியில் ரைஃபிளுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது. இடது முழங்கையைத் தரையில் ஊன்றி, அந்தக் கையால்தான் முன்பக்கத்தைத் தாங்க வேண்டும். முதல் இரண்டு குண்டுகள் சரியாகப் போயின. மூன்றாவதில் தோளுக்குள் சூடாக ஏதோ ஓடியது. ஐந்தாவதில் குழலின் நுனி தானாகத் தாழ்ந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் ஓட்டைகள் படிக்கட்டில் இறங்குவதுபோல ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கியிருந்தன.

அன்று பாயை அவளே சுருட்டினாள். அதைப் பார்த்ததும்தான் தம்பிக்குப் பயம் வந்தது.

சில நாள் கழித்துப் பட்டறைக்குள் வந்து ரைஃபிளை மேசையில் வைத்தாள். "முன்பக்க எடையைக் குறைக்கணும். பேரலை வெட்டு."

"வெட்டுன்னா? இது என்ன வெள்ளரிக்காயா?"

"எட்டு அங்குலம் போகட்டும். சட்டத்துல இருக்கிற அளவுக்கு மேலதானே இருக்கும்?"

"சட்டம் கிடக்கட்டும் அக்கா. நீ சுடுறது அறுநூறு மீட்டர். குட்டை பேரலை வச்சுக்கிட்டு அந்தத் தூரத்துல என்ன பண்ணுவே?"

"ஏன், நீளமா இருந்தா மட்டும் குண்டு நேராப் போகுமா? வாயை விட்டு வெளியே வந்த பிறகு அதுக்கும் குழலுக்கும் என்ன சம்பந்தம்?"

தம்பிக்கு மனது ஒப்பவில்லை. நீளக் குழல்தான் தூரத்துக்கு என்று அவன் தொழில் கற்ற நாளிலிருந்து கேட்டு வந்திருக்கிறான். வாசலில் நின்ற மாஸ்டரும் அவன் பக்கம்தான் பேசினார். "குட்டை பேரல் கிட்டத்துக்குச் சரிம்மா. தூரத்துல அது இஷ்டத்துக்குத்தான் போகும். ஒரு தடவை வெட்டிட்டா ஒட்ட முடியாது, யோசிச்சுக்கோ."

யோசிப்பதுதான் அவளுக்குப் பிரச்சினையே. வீட்டில் நடந்துகொண்டே யோசித்தாள். சாப்பிடும்போது தட்டின் விளிம்பில் விரலால் அளந்து யோசித்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் புத்தகத்தை மூடிவிட்டு, "அம்மா, ஒண்ணு அதை வெட்டு, இல்லைன்னா அதைப் பத்தி நினைக்கிறதை விடு. நீ நடக்கிற சத்தத்துல ஒரு வரி ஏற மாட்டேங்குது" என்றாள்.

மறுநாள் பட்டறையின் மூலையில் கிடந்த ஒரு பழைய ரைஃபிள் அவள் கண்ணில் பட்டது. தோளில் பதியும் மரக்கட்டை பிளந்துபோய், உடையவர் வேண்டாம் என்று விட்டுப்போனது. குழல் மட்டும் நன்றாக இருந்தது. அதே இருபத்தாறு அங்குலம், அதே குண்டு.

"இதை வெட்டிப் பார்ப்போம்" என்றாள். "ஒவ்வொரு அங்குலமா. ஒரு அங்குலம் வெட்டு, சுட்டுப் பாரு. மறுபடி வெட்டு, சுட்டுப் பாரு. எங்கே கெட்டுப்போகுதோ அங்கே நிறுத்திடலாம்."

தம்பிக்கு இது பிடித்திருந்தது. யாருடைய பேச்சையும் நம்ப வேண்டாம், அட்டையைப் பார்த்தால் போதும். பிளந்த கட்டைக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்தி, அதன் மேல் நல்ல தொலைநோக்கி ஒன்றை மாட்டினான். மேசை மேல் மணல் மூட்டை வைத்து, ரைஃபிளை அதில் அழுத்தமாக உட்கார வைத்தான். குண்டின் வேகத்தைச் சொல்லும் கருவி ஒன்றை மாஸ்டர் இரவல் கொடுத்தார். தான் சொன்னதுதான் நடக்கும் என்ற நம்பிக்கையில் கொடுத்தார்.

முதல் அங்குலம் போனது. நூறு மீட்டரில் ஐந்து குண்டுகள் சுட்டார்கள். ஓட்டைகள் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம் என்ற அளவில் கொத்தாக விழுந்திருந்தன. வெட்டுவதற்கு முன்னாலும் அதே அளவுதான். வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. இரண்டாவது அங்குலம். அதே நாணயம், இன்னும் கொஞ்சம் குறைந்த வேகம். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் குழல்வாயைத் தம்பி லேத்தில் மாட்டிச் சீராகக் கடைந்து எடுத்தாக வேண்டும். அந்த நேரமெல்லாம் பம்பரம் பட்டறைக்கும் சுடுதளத்துக்கும் இடையில் நடந்து நடந்து புல்லில் ஒரு தடமே விழுந்துவிட்டது.

பதினெட்டு அங்குலத்துக்கு வந்தபோது கொத்து பெரிதாகவில்லை. நாணயத்தை வைத்து மூடினால் சுற்றிலும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.

மாஸ்டர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது எப்படி?"

தம்பி பட்டறைக்குள் போனான். ஒரே தடிமனில் இரண்டு இரும்புக் கம்பிகளை எடுத்துவந்தான், ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டையும் கவ்வியில் ஒரு முனையைக் கடித்து வைத்து, விரலால் தட்டினான். நீளக் கம்பியின் நுனி தூண்டில் குச்சிபோல அதிர்ந்தது. குட்டைக் கம்பி லேசாக முனகிவிட்டு நின்றது.

"சுடும்போது பேரலும் இப்படித்தான் ஆடுது" என்றான், பாதி தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "குட்டையா இருந்தா விறைப்பா இருக்கு. ஆட்டம் கம்மி. நாம சொன்னது பழைய காலத்துக்குச் சரி மாஸ்டர். அப்போ குழல் நுனியில இருக்கிற குறிமுள்ளைத்தானே கண்ணால பார்த்துச் சுட்டோம். அது தள்ளி இருக்க இருக்கக் குறி சுத்தமாத் தெரியும். தொலைநோக்கி வச்ச பிறகு அந்தக் கணக்கு மாறிடுச்சு."

"வேகம் குறையுதே?"

"குறையுது. அதனால தூரத்துல குண்டு கூடுதலாத் தாழும். காத்து அதைத் தள்ளுறதுக்கும் நேரம் கிடைக்கும். அது நிஜம்தான்."

பம்பரம் அதற்குள் தன் ரைஃபிளை எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டாள்.

வெளியூர்ப் போட்டிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தம்பி குழலைப் பதினெட்டு அங்குலத்தில் வெட்டினான். வாய் கடையும் வெட்டுளி பழைய குழலோடு மல்லுக்கட்டியதில் மழுங்கியிருந்தது, சாணை பிடிக்கக் கொடுத்திருந்தான். "ரெண்டு நாள்ல வந்துடும். வந்ததும் வாயைக் கடைஞ்சு தர்றேன்" என்றான்.

"வேற உளி இல்லையா?"

"இருக்கு. பழசு. அதை வச்சுப் பண்ண எனக்கு இஷ்டமில்லை."

"பழசு வெட்டாதா?"

"வெட்டும்."

"அப்போ வெட்டுடா. எனக்குப் பழகறதுக்கு நாள் வேணும்."

அவள் பக்கத்திலேயே நின்றாள். முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பழைய உளியால் கடைந்து கொடுத்தான்.

மறுநாள் காலை முந்நூறு மீட்டரில் படுத்தாள். ரைஃபிள் கையில் இலேசாக உட்கார்ந்தது. தோள் முணுமுணுக்கக்கூட இல்லை. இது போதும் என்று அந்தக் கணத்தில் நினைத்தாள். ஐந்து குண்டுகளையும் ஒரே சீரான நிதானத்தில் சுட்டாள். எதுவும் பிசகவில்லை என்று அவள் கைக்குத் தெரியும்.

தொலைநோக்கியில் பார்த்தபோது அட்டையில் கொத்து என்று ஒன்றே இல்லை. ஒன்று மேலே, ஒன்று இடப்பக்கம், ஒன்று விளிம்பில். கோழி கிளறிவிட்டுப் போனதுபோல இருந்தது. மறுபடி ஐந்து சுட்டாள். மறுபடியும் அதேதான்.

பக்கத்துப் பாய்களில் படுத்துச் சுட்டவர்கள் வந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் மட்டும் குனிந்து, "பரவாயில்லைம்மா, புதுப் பேரல் மாட்டிக்கலாம்" என்று மெல்லச் சொன்னார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தம்பியைப் பார்க்காமல், ரைஃபிளைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பட்டறைப் பக்கம் போகவில்லை. தம்பி போன் செய்தால் மகள்தான் எடுத்தாள். பம்பரம் துணி துவைத்தாள், துவைத்த துணியை மறுபடி நனைத்தாள், வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தாள். இடது கையாலும் அடித்துப் பார்த்தாள், தோள் வலித்தால் வலது கைக்கு மாற்றினாள். பழைய குழலில் சரியாக வந்தது தன்னுடையதில் ஏன் வரவில்லை? தோள்தான் காரணமோ? கை பிசகவில்லை என்று நினைத்ததே பொய்யோ? அட்டையில் தெரிந்தது குழலின் லட்சணமா, தன் உடம்பின் லட்சணமா? இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் பிரஷ்ஷை டப்பாவிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

கணவர் பல் ஒன்றை மெருகேற்றிக்கொண்டிருந்தார். "உன் துப்பாக்கியைச் சுத்தம் பண்ணியா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சுட்டுட்டு வந்தா துடைச்சு வைப்பியே. இந்தத் தடவை பையில போட்டது போட்டபடி இருக்கு. துருப்பிடிச்சா அதுக்கும் நீதான் ஆடுவே."

வேறு வேலை இல்லாததால் எடுத்தாள். குழலுக்குள் கம்பி விட்டுத் துடைத்தாள். நுனியில் கரி படிந்திருந்தது. பஞ்சில் எண்ணெய் தொட்டு, குழல்வாயின் விளிம்பைச் சுற்றித் துடைத்தாள். ஓர் இடத்தில் பஞ்சு மாட்டியது. இழுத்தாள். இரண்டு மூன்று இழைகள் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. புதுப் பஞ்சு எடுத்து மறுபடி சுற்றினாள். அதே இடத்தில் மறுபடி மாட்டியது.

"உங்க பூதக்கண்ணாடியைக் குடுங்க" என்றாள்.

கணவர் நெற்றியில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அதன் வழியாகப் பார்த்தாள். விளிம்பில் ஓரிடத்தில் மணல் பொடி அளவுக்கு ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமே ஒரு மயிரிழை சாய்ந்த மாதிரியும் இருந்தது. குண்டு வாயை விட்டுப் போகும் நொடியில் பின்னால் வரும் புகை எல்லாப் பக்கமும் ஒன்றுபோல வெளியேற வேண்டும். இங்கே ஒரு பக்கம் முந்திக்கொண்டு போய்க் குண்டின் பின்புறத்தைத் தள்ளிவிடும். பிறகு அது எங்கே வேண்டுமானாலும் போகும்.

செருப்பை மாட்டினாளோ இல்லையோ, ரைஃபிளையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டாள்.

தம்பி பூதக்கண்ணாடியில் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "என் தப்புதான்" என்றான். "அந்த உளியைத் தொட்டிருக்கக் கூடாது."

"தொட வச்சது யாரு?"

அவன் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"நான் பக்கத்துல நின்னு பிடுங்கி எடுத்தேன். உன்னைச் செய்ய விடலை. அப்புறம் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு உன் மேலயே கோபப்பட்டேன்."

"கோபப்பட்டதுகூடப் பரவாயில்லை அக்கா. போனை எடுக்கலை பாரு, அதான்..." என்று சொல்லிவிட்டு, சாணை பிடித்து வந்திருந்த உளியைத் தாளிலிருந்து பிரித்தான். "நீ வெளியே போ. நான் கூப்பிடுற வரைக்கும் உள்ளே வராதே."

போனாள். வாசலைப் பெருக்கினாள். பக்கத்துக் கடை வாசலையும் பெருக்கினாள். அந்தக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு, குப்பைக் கூடையை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார். லேத் சத்தம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள், இறக்கிக்கொண்டாள். அவன் கூப்பிட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரு நூல் அளவு உலோகத்தைத்தான் எடுத்திருந்தான். பஞ்சால் சுற்றிக் காட்டினான். எங்கேயும் மாட்டவில்லை.

மறுநாள் முந்நூறு மீட்டரில் சுட்ட ஐந்து குண்டுகளின் ஓட்டைகளையும் ஓர் உள்ளங்கை மறைத்தது. மாஸ்டர் அட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அதைப் பத்திரப்படுத்தவில்லை, தேர்வுக்குத் தூரம் சரிபார்க்க ஓடினாள். குண்டு இப்போது கூடுதலாகத் தாழ்வதால் தொலைநோக்கியின் அளவுகளை ஒவ்வொரு தூரத்துக்கும் முதலிலிருந்து வைக்க வேண்டியிருந்தது. அதெல்லாம் செய்து, தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டாள்.

வெளியூர்ப் போட்டி திறந்த மைதானத்தில் நடந்தது. காற்றுக் கொடிகள் காலையில் தொங்கிக்கொண்டிருந்தன. அறுநூறு மீட்டரில் முதல் சுற்றில் அவளுடைய குண்டுகள் நடுவளையத்தை விட்டு நகரவில்லை. முதலில் இருந்தாள். இரண்டாவது சுற்றின் பாதியில் கொடிகள் இடமிருந்து வலமாக விறைத்து நின்றன. அந்தக் காற்றுக்கு எவ்வளவு இடப்பக்கம் விட்டுச் சுட வேண்டும் என்று அவள் கைக்குப் பழக்கம். ஆனால் அது பழைய குழலின் பழக்கம். இந்தக் குண்டு மெல்லப் போகிறது, காற்று அதை இன்னும் கொஞ்சம் தள்ளும். அது மனப்பாடமாகத் தெரிந்தும் கை பழைய கணக்கில் விட்டது. ஒன்று வலப்புற வளையத்துக்குப் போனது. அடுத்ததும் அங்கேயே போனது. பிறகு திருத்திக்கொண்டாள். கடைசி நான்கும் நடுவில் விழுந்தன. போனது போனதுதான்.

ஐந்தாவது இடம். எழுந்தபோது தோள் வலிக்கவில்லை. இடது கையை நீட்டி மடக்கிப் பார்த்தாள், ஏதோ வேறு யாருடைய கையோபோல.

"அஞ்சாவது" என்றான் தம்பி, பாயைச் சுருட்டிக்கொண்டே. "வருத்தமா?"

"அந்த ரெண்டு குண்டு என்னோடது. பேரலோடது இல்லை" என்று சொல்லிவிட்டு, மைதானத்தின் ஓரமாகக் கொடிகளைப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தம்பி அவளை இழுத்துவர வேண்டியிருந்தது.

இந்தச் செய்தி பரவியதும் பட்டறைக்கு ஆட்கள் வந்தார்கள், எனக்கும் வெட்டு, எனக்கும் வெட்டு என்று. தம்பி பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினான். தொலைநோக்கி இல்லாமல் குறிமுள்ளை நம்பிச் சுடுபவர்களின் குழலைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான். மாஸ்டரும் தன் வேட்டை ரைஃபிளைக் கொண்டுவந்தார். புதருக்குள் நுழையும்போது நீளக் குழல் கிளைகளில் மாட்டுகிறதாம்.

"வெட்டித் தர்றேன்" என்றான் தம்பி. "ஆனா முன்ன மாதிரி தூரத்துல நிக்கிறதைச் சுடாதீங்க. குறி தப்பாது. ஆனா குண்டு போய்ச் சேரும்போது வலு குறைஞ்சிருக்கும். தாளுக்கு ஓட்டை விழுந்தாப் போதும். மிருகம்னா சாகாம அடிபட்டு ஓடிப்போய்த் துடிக்கும்."

மாஸ்டர் யோசித்தார். கிட்டே வரும்வரை காத்திருக்கப் பொறுமை இருந்தால் வெட்டலாம், இல்லையென்றால் வேண்டாம் என்று முடிவுசெய்து, வெட்டிக்கொண்டுதான் போனார். அதற்குப் பிறகு பல தடவை சுடாமலே திரும்பி வந்தார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

பம்பரம் மறுபடியும் வேன் ஓட்டுகிறாள். நாற்சந்தி வந்தால், பச்சை விளக்கு எரிந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடுத்த ஆண்டு அதே போட்டியில் மூன்றாவது வந்தாள், அதற்கு அடுத்த ஆண்டு எட்டாவது. குட்டைக் குழல் சத்தம் அதிகம். பக்கத்துப் பாய்க்காரர்கள் காது அடைக்கிறது என்று மனுக் கொடுத்து அவளைச் சுடுதளத்தின் கடைசி ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பக்கத்தில் யாரும் கிடையாது, நடப்பதற்கு நிறைய இடம் இருக்கிறது. இப்போது அவளுக்கு ரைஃபிள் கட்டையின் பின்பக்க எடை மேல் சந்தேகம் வந்திருக்கிறது. தம்பியிடம் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், சாணைக்குப் போக வேண்டும் என்று அவன் கிளம்பிவிடுகிறான்.